கொக்கியில் தொங்கிய மெனு

போன மாதம் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்யலாம் என்று தொலைபேசியை எடுத்தேன். ஒரு பெண் குரல், "முதன்மை மெனுவுக்குத் திரும்ப நட்சத்திரக் குறியை அழுத்தவும்" என்றது. அழுத்தினேன். மறுபடியும் அதையே சொன்னது. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. மெனு என்றால் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும். ஒரு வடை கூட இல்லாத இடத்தில் அந்தச் சொல்லை எதற்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்? ஏதோ தரப்போவது போல ஆசை காட்டி, கடைசியில் ஒன்றும் தராமல் அனுப்பத்தானே?

அதே வாரத்தில், நான் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி ஆலையின் கேன்டீனை இப்போது நடத்துகிறவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். சுவரில் டிவி மாதிரி ஒன்றை மாட்டியிருக்கிறார்களாம், அதில் அன்றன்றைய மெனு ஓடுகிறதாம். "உங்க காலத்துல மெனு எப்படி சார் போடுவீங்க?" என்று கேட்டார். "கொக்கியில் தொங்கவிடுவோம்" என்றேன். விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். விளையாட்டில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு சந்தேகப் பிராணி. என் மனைவி காபியில் சர்க்கரை போட்டேன் என்றால் கலக்கிப் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். இது பிறவிக் குணமா, தொழில் கொடுத்த குணமா என்று எனக்கே தெரியாது. கேன்டீன் மேற்பார்வையாளனுக்குச் சந்தேகம்தான் மூலதனம். அரிசி மூட்டை வந்தால் மேலே இருப்பதைப் பார்க்கக் கூடாது, குத்தூசியை அடிவயிற்றில் விட்டு இழுக்க வேண்டும். மிளகைக் கடித்துப் பார்க்காமல் வாங்கினால் பப்பாளி விதையைத் தலையில் கட்டிவிடுவார்கள். எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து முகர வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, சமைத்து இறக்கியதை ஒரு கரண்டி வாயில் போடாமல் வெளியே அனுப்பக் கூடாது. இந்தக் கடைசி விதியை நான் ஒரு நாளும் மீறியதில்லை. ஒரே ஒரு பதார்த்தத்தைத் தவிர.

எனக்குச் சொந்த ஊர் திருவள்ளூர். அப்பாவுக்குப் பெருமாள் கோயில் கைங்கரியம், மாமாவுக்கு அங்கே மடைப்பள்ளியில் பிரசாதம் சமைக்கிற வேலை. என்னையும் மடைப்பள்ளியில்தான் விட்டார்கள். அங்கே இன்ன நாளுக்கு இன்ன தளிகை என்று எப்போதோ வகுத்து வைத்துவிட்டார்கள். யாரும் எழுதி மாட்டுவதில்லை, பெருமாளும் இன்றைக்கு என்ன என்று கேட்பதில்லை. அவர் அமுது செய்வதற்கு முன்னால் யாரும் அதை நாக்கில் வைக்கவும் கூடாது. உப்பு போட்டோமா இல்லையா என்று தெரியாமலே உள்ளே அனுப்ப வேண்டும். என்னால் அது முடியவில்லை. "உனக்குப் பெருமாள் மேலயே நம்பிக்கை இல்லைடா" என்று மாமா திட்டினார். அவர் மேல் இருக்கிறது மாமா, உப்பு ஜாடி மேல்தான் இல்லை என்றேன். அத்தோடு மடைப்பள்ளி முடிந்தது.

அறுபதுகளில் சில வருஷம் ஓட்டல் வேலை. திருவள்ளூர் ஓட்டலில் மெனு என்பது பரிமாறுகிறவரின் வாய்தான். தோளில் துண்டோடு வந்து நின்று, மூச்சு விடாமல் இட்லியில் ஆரம்பித்து அல்வாவில் முடிப்பார். கேட்டவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "ரெண்டு இட்லி" என்பார். அதற்குப் பிறகு அரக்கோணம் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிச் சாலை. அங்கேதான் ஒரு தகரப் பலகையில் ஆங்கிலத்தில் எழுதியிருந்த அந்தச் சொல்லை முதலில் பார்த்தேன். அதைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுகிறவர்களையும் பார்த்தேன். "வடைன்னு போட்டிருக்கே, எங்கய்யா வடை?" எழுதாத ஓட்டலில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. எழுதி வைத்தால்தான் ஒருவனை ஏமாற்ற முடியும் என்று அப்போது எனக்கொரு அபிப்பிராயம் விழுந்தது.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஆலைகள் வர ஆரம்பித்தன. அதில் ஒன்றில் கேன்டீன் மேற்பார்வை கிடைத்தது. சைவச் சமையல்தான். தொழிலாளிகளில் பாதிப் பேர் சுற்றுப்பட்டு கிராமத்து விவசாயக் குடும்பம், மீதியில் நிறையப் பேர் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குப்பங்களிலிருந்து வந்தவர்கள். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் மண் தூர்ந்து அடைத்துக்கொண்டால் மீன் உள்ளே வராது. வலை போடுகிற வீட்டில் ஒரு பிள்ளையாவது கம்பெனிக்குப் போகட்டும் என்று அனுப்பி வைப்பார்கள். என்னிடம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த எல்லப்பன் அப்படி வந்தவன். கல்யாண வயதைத் தாண்டிக்கொண்டிருந்தவன். தினக்கூலி. அண்டாவுக்குள் இறங்கி நின்றுதான் அண்டாவைத் தேய்ப்பான். அதிகம் பேசமாட்டான். அதிகம் பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும்.

வாரத்துக்கு ஒரு நாள் மீன் வேண்டும் என்று தொழிலாளர் கமிட்டி நிர்வாகத்திடம் கேட்டிருந்தது. கமிட்டியில் முன்னால் நின்று பேசுகிறவர் தனகோடி, லேத் ஓட்டுகிறவர். "சாமி ஒத்துக்கமாட்டாரு" என்று சொல்லி நிர்வாகம் மறுத்துவிட்டது. சாமி என்றால் நான். மீன் உள்ளே வந்தால் நான் வெளியே போகிறேன் என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் என்னைக் கேட்டுத்தான் நிர்வாகம் எல்லாம் செய்கிறதா? எனக்கு ஒரு மின்விசிறி வேண்டும் என்று கேட்டு எவ்வளவு நாளாயிற்று? அவர்களுக்கே கொடுக்க மனமில்லை, பழியை என் நாமத்தின் மேல் போடுகிறார்கள் என்று புரிந்துகொண்டேன். ஆனாலும் அது எனக்கு வசதியாக இருந்ததால் சும்மா இருந்தேன்.

அந்தச் சமயத்தில் புதிதாக ஒரு வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். ராணுவத்தில் உணவு விடுதி நிர்வாகம் பார்த்துவிட்டு வந்தவர். பெரிய பதவி ஒன்றுமில்லை, ஆனாலும் ஆலையில் எல்லோரும் அவரை மேஜர் என்றே கூப்பிட்டோம். அவரும் மறுக்கவில்லை. பெங்களூரில் வளர்ந்து வடக்கே வேலை பார்த்தவர். தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார். கேன்டீனுக்குள் வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். மூடியைத் திறக்கச் சொல்வார், குனிய மாட்டார், நின்றபடியே ஒரு முறை மூச்சை இழுப்பார், தலையை அசைத்துவிட்டு அடுத்த பாத்திரத்துக்குப் போவார். ஒரு பருக்கை வாயில் போட மாட்டார். மத்தியானம் வீட்டிலிருந்து அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடு வரும். தான் மேற்பார்வை செய்கிற சோற்றைத் தானே சாப்பிடாத ஒருவரை நான் எப்படி நம்புவது? விசாரணை என்று வந்தாலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை மேல் வைப்பார், பக்கத்தில் பென்சிலை நேராக வைப்பார். ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை கேட்பார், ஒரு எழுத்து மாறாமல். பதில் மாறினால் பென்சில் அசையும்.

வந்த கொஞ்ச நாளிலேயே அவர் என்னிடம், "மிஸ்டர் வரதன், இந்த கேன்டீன்ல மெனு இல்ல. சாப்பிட வர்றவனுக்கு என்ன கிடைக்கும்னு தெரியணும்" என்றார். கேட்டதுமே எனக்குள் மணி அடித்தது. இன்றைக்கு மெனு என்பார், நாளைக்கு மெனுவில் இருக்கிற அளவு என்பார், அப்புறம் அந்த அளவுக்கு இத்தனை ஆள் எதற்கு என்பார், கடைசியில் கேன்டீனையே காண்ட்ராக்டரிடம் கொடுத்துவிடுவார். தொழிலாளிகளுக்கு வேறு மாதிரி சந்தேகம். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தப்பு செய்தால் ஆபீஸ் கொடுக்கிற மெமோதான். "மெனுவாமே, அது மெமோவுக்குத் தங்கச்சியா சாமி?" என்று கேட்டார்கள். தனகோடி மட்டும் விஷயம் தெரிந்தவர். "எழுதி மாட்டிட்டா அதுக்கு மேல வாயத் தொறந்து கேக்க முடியாது. அதுக்குத்தான் சாமி இந்த வேலை" என்றார். அவர் சொன்னதை நான் ஆமோதித்தேன். ஆனால் அவரே இதைச் சொல்லி என் வாயைக் கிளறுகிறாரோ என்றும் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முதலாளி பட்டணத்திலிருந்து வருகிறார், கேன்டீனைப் பார்ப்பார் என்று செய்தி வந்தது. அதற்குள் மெனு தொங்கியாக வேண்டும் என்று மேஜர் பிடிவாதமாக இருந்தார். அழகாக எழுதத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். எல்லப்பன் அவனுடைய குப்பத்தில் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவன் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவன் பெயரைச் சொன்னேன். தச்சர் வந்து வாசல் நிலைக்கு மேல் ஒரு பெரிய கொக்கியை அடித்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மேஜர் பின்கட்டுக்கு வந்து எல்லப்பனிடம் பேசினார். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். ஆவிக்கு நடுவில் பேச்சு விட்டுவிட்டுக் காதில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை காலைல மெனு வேணும். பெரிசா இருக்கணும். வாசல்ல தொங்கணும். வர்றவங்க கண்ணுல அதுதான் முதல்ல படணும்."

"இங்கயா சார்?"

"இங்கதான்."

"சாமி ஒண்ணியும் சொல்லமாட்டாரா சார்?"

"அவர்கிட்ட பேசியாச்சு."

"எத்தினி பேருக்கு சார்?"

"எல்லாருக்கும்தான். புதுசா இருக்கணும், பழசு கூடாது."

"ரெண்டு நாளு உடணும் சார்."

"எடுத்துக்கோ."

ஒரு பலகை எழுதுவதற்கு என்னிடம் எதற்கு அனுமதி என்று எனக்கு அப்போதே உறுத்தியது. பாத்திரம் தேய்க்கிற வேலையை விட்டுவிட்டுப் போவதற்குப் பயப்படுகிறான் போலிருக்கிறது என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை எல்லப்பன் வரவில்லை. வியாழக்கிழமையும் வரவில்லை. எங்கேயாவது உட்கார்ந்து எழுதுகிறானா என்று தேடினோம், இல்லை. பெயின்ட் வாங்கினானா என்று ஸ்டோரில் போய்க் கேட்டேன். அந்தப் பக்கமே வரவில்லை என்றார்கள். அந்த மாதம்தான் தினக்கூலிகளில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அதில் அவன் பெயரும் இருந்தது. இந்தச் சமயத்தில் ஒருவன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் அவன் புத்தி கெட்டவனாக இருக்க வேண்டும், இல்லை பின்னால் யாரோ இருக்க வேண்டும். மேஜரிடம் சொன்னேன். அவர் பென்சிலை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை நான் திருவள்ளூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, பட்டணத்தில் மாறி, ஆலைக்கு வந்து சேர்ந்தபோது கேன்டீன் வாசலில் கூட்டம். கூட்டத்தின் தலைகளுக்கு மேல், பலகைக்காக அடித்த கொக்கியில், ஒரு கொடுவா மீன் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளையின் உயரம் இருக்கும். வாய் வழியாகக் கயிறு கோத்து, வால் காற்றில் லேசாக ஆட, சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். கீழே இரண்டு கூடை நிறைய மடவை மீன், ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. பக்கத்தில் எல்லப்பன். தலை சீவி, வெளுத்த சட்டை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

எனக்குக் கோபம் வந்தது. நான் தினம் பெருமாளை நினைத்துக்கொண்டு வலது கால் வைத்து நுழைகிற வாசல் அது. இது எனக்காகத்தான் தொங்கவிட்டது, வேறு யாருக்கு? மீன் தரமாட்டேன் என்ற சாமிக்கு, முதலாளி வருகிற நாளாகப் பார்த்து. தனகோடியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை வேறு மாதிரி இருந்தது. "இன்னா சாமி, எங்க ஆள மாட்டிவுட ஆபீஸ்காரங்கோ செஞ்ச வேலையா இது? கமிட்டிய ஒடைக்கணும்னு இப்பிடி ஒரு பேஜாரா?" என்று என்னையே கேட்டார். காவல்காரர் மீனை யாரையும் தொடவிடவில்லை, சாட்சிப் பொருளாம்.

மேஜர் வந்தார். மீனைப் பார்த்தார். நின்றபடியே ஒரு மூச்சு இழுத்தார். "ஸ்டோர் ரூம்" என்றார்.

நாங்கள் நாலு பேர் உள்ளே போனோம். மேஜர், நான், தொழிலாளி தரப்பில் தனகோடி, எல்லப்பன். கடிகாரம் மேசைக்கு வந்தது. பக்கத்தில் பென்சில்.

"இதைத் தொங்கவிடச் சொன்னது யார்?"

"நீங்கதான் சார்."

தனகோடி அவன் முழங்கையைக் கிள்ளினார். "டேய், அப்பிடிப் பேசாதடா. வேலை பூடும்."

"இதைத் தொங்கவிடச் சொன்னது யார்?"

"நீங்கதான் சார் சொன்னீங்கோ. பெர்சா இருக்கணும், வாசல்ல தொங்கணும்னு. சாமிகூட அங்கதான் நின்னுக்கினு இருந்தாரு."

பென்சில் அசையவில்லை. மேஜரின் கழுத்து மட்டும் சிவந்தது. இவ்வளவு திமிரை எங்கே மறைத்து வைத்திருந்தான் என்று நான் எல்லப்பனையே பார்த்தேன். அவன் முகத்தில் திமிர் இல்லை. நெற்றிக் குங்குமம் வேர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பொய் சொல்கிறவர்களோடு பழகியவன். பருப்புக் கடைக்காரர்கள் பொய் சொல்லும்போது கை சும்மா இருக்காது, எதையாவது தடவிக்கொண்டே இருக்கும். எல்லப்பன் கைகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தன. அதில் செதில் ஒட்டியிருந்தது.

"எல்லப்பா, ஆபீசர் உன்கிட்ட என்ன கேட்டார்?" என்றேன்.

"மீனு கேட்டாரு சாமி."

"மெனு கேட்டார்."

"அதான் சாமி. மீனு. அவுரு மிலிட்டரில இருந்தவரு, கொஞ்சம் வேற மாதிரி இஸ்துப் பேசறாரு. எனக்குப் புரிஞ்சிது."

மேஜர் அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் நாக்கு 'மெ'யிலும் நிற்காது, 'மீ'க்கும் போகாது, நடுவில் எங்கேயோ நிற்கும். எனக்கு அந்தச் சொல் அரக்கோணத்திலேயே தெரியும், அதனால் என் காதில் சரியாகவே விழுந்தது. எல்லப்பன் பிறந்து வளர்ந்த குப்பத்தில் அந்த ஓசைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது.

அப்போதும் நான் விடவில்லை. என் குணம் அப்படி. "பலகை எழுதச் சொன்னால் உனக்குப் புரியாதா? படகுக்கே பேர் எழுதுகிறவன் நீ."

"பலகைன்னு அவுரு சொல்லவே இல்லியே சாமி."

மேஜர் கண்ணை மூடிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை பேசியதை உள்ளே ஓட்டிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நானும் ஓட்டிப் பார்த்தேன். பலகை என்று அவர் சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை. அவருக்கு மெனு என்றாலே பலகைதான், எனக்கு மெனு என்றாலே அதில் எழுதியிருக்கிற சாப்பாடுதான். இரண்டும் தெரியாதவனிடம் போய், பெரிசா வேணும், புதுசா வேணும், எல்லாருக்கும் வேணும் என்றால் அவன் என்ன செய்வான்? சாமி ஒன்றும் சொல்லமாட்டாரா என்று அவன் கேட்டதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"ரெண்டு நாள் எங்க இருந்தே?" மேஜரின் குரல் இறங்கியிருந்தது.

"ஏரிலதான் சார். மொகத்துவாரம் அடைச்சிக்கினு கீது, பெரிய மீனு கெடைக்கல. எங்க அண்ணன் ராவும் பகலும் வலை போட்டுக்கினே இருந்தாரு. ஆபீசரே நம்ம புள்ள கையால மீனு கேட்டுட்டாருன்னு எங்கம்மா குப்பம் பூரா சொல்லிடுச்சி. வேலை நெலச்சிடும்னு கோயில்ல கற்பூரம் ஏத்துச்சி. பொன்னேரி வரைக்கும் பஸ்ல எடுத்தாந்து, அப்பால ரயில்ல ஏத்தி..." அவன் மேஜரை நேராகப் பார்த்தான். "நான் இன்னா சார் தப்பு பண்ணிட்டேன்?"

தனகோடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவனை நான் நம்பிவிட்டேன். ஆனால் மேஜர் மேல் எனக்கு நம்பிக்கையில்லை. உண்மையை வெளியே சொன்னால், ஆபீசருக்குத் தமிழ் வராது என்று ஆலை முழுக்கச் சிரிக்கும். அவனை வெளியே அனுப்பினால் கதை இந்த அறையோடு முடிந்தது. அந்த இடத்தில் இருக்கிற எந்த அதிகாரியும் எதைச் செய்வார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவதைத்தான்.

வெளியே கார் சத்தம் கேட்டது. மேஜர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனார். நாங்கள் பின்னால் போனோம்.

முதலாளி கொடுவாவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். "என்ன இது?" என்றார்.

மேஜர் குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார். இப்போது ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, யார் காதிலும் தப்பாக விழ முடியாதபடி சொன்னார்.

"மெனு, சார்."

முதலாளி மீனைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை, மீன் குழம்பு. கமிட்டி கேட்டிருந்தாங்க. நான்தான் எல்லப்பனை ரெண்டு நாள் அனுப்பினேன்."

முதலாளி என் பக்கம் முகவாயைக் காட்டினார். "அவர் ஒத்துக்கமாட்டார்னு சொன்னாங்களே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்தை நான் மறக்கவே மாட்டேன். நான் இல்லை என்று தலையசைத்தால் போதும். மீன் போகும், அதோடு எல்லப்பனும் போவான், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அப்பா முகம் ஞாபகம் வந்தது. பழவேற்காட்டில் நான் பார்த்தேயிராத ஒரு அம்மாள் கற்பூரம் ஏற்றியதும் ஞாபகம் வந்தது.

"அடுப்பு வேற, பாத்திரம் வேற, கரண்டி வேற இருக்கணும். பின்பக்கம் வெளியில வைக்கணும்" என்றேன். "அப்படின்னா எனக்கு ஆட்சேபணை இல்லை."

"யார் சமைக்கிறது?"

"எல்லப்பன்" என்றேன்.

செங்கல் அடுக்கி அடுப்பு மூட்டினான். குப்பத்து ஆட்கள் மிளகாய் அரைக்க உதவினார்கள். நான் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு தூரத்தில் நின்று பார்த்தேன். பாத்திரத்தை இறக்கியதும் வழக்கம் போல எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ருசி பார்த்துச் சொன்னால்தான் எந்தப் பாத்திரமும் நகரும், அதுதான் கேன்டீன் சட்டம். "வா சாமி, ஒரு வாய்" என்று தனகோடி கிண்டல் செய்தார்.

"சரியா இருக்கா?" என்று எல்லப்பனைக் கேட்டேன்.

"நல்லா கீது சாமி."

"அனுப்பு."

மடைப்பள்ளியை விட்ட பிறகு, ருசி பார்க்காமல் நான் அனுப்பிய முதல் பாத்திரம் அது. அன்று மேஜர் வீட்டுச் சாப்பாட்டைத் திறக்கவில்லை. வரிசையில் தட்டோடு நின்று வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டில் மனைவி என்னைக் கிணற்றடியிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அப்பா கொஞ்ச நாள் பேசவில்லை. எல்லப்பன் நிரந்தரமானான், சமையல் உதவியாளர் என்று. பிறகு பலகையும் அவனே எழுதி அதே கொக்கியில் மாட்டினான். ஆனால் ஆலையில் அதற்கு மீனு பலகை என்றுதான் பெயர் நிலைத்தது. சாம்பார் நாளில்கூட "இன்னிக்கி மீனு இன்னா சாமி?" என்று கேட்பார்கள், நான் "கத்திரிக்காய் சாம்பார்" என்பேன். மேஜர் அந்தச் சொல்லை மறுபடி பயன்படுத்தவே இல்லை. "சாப்பாட்டுப் பலகை" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வார். அன்று அவர் அவனைக் காப்பாற்றினாரா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. இரண்டுமாக இருக்கலாம்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்பேன். "நல்லா கீது சாமி" என்பான். அனுப்புவேன். ஆனால் உள்ளே ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. மீன் அவனுடைய அண்ணன் கொண்டுவருவது, சமைப்பது தம்பி, ருசி பார்ப்பதும் தம்பி. எனக்கு எப்படித் தூக்கம் வரும்? எவனும் தன் வீட்டுச் சரக்கைக் கெட்டது என்று சொல்லமாட்டான். நாளைக்கு யாராவது வாந்தி எடுத்தால் கேன்டீன் நோட்டில் இருக்கிற கையெழுத்து என்னுடையது.

அப்புறம் ஒரு சித்திரை மாதம். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மத்தியான வரிசை வாசல் தாண்டி நின்றது, தட்டைத் தட்டிக்கொண்டு கூப்பாடு போட்டார்கள். எல்லப்பனின் அண்ணன் காலிக் கூடையோடு பின்பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம் போலக் கேட்டேன். எல்லப்பன் கரண்டியில் இருந்ததை இன்னொரு தடவை நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"என்னடா?"

"வேணா சாமி. மீனு கெட்டுப் பூடுச்சி. ரயிலு லேட்டாம், வெயில்ல நின்னுச்சாம்."

அவன் அண்ணன் எழுந்து வந்தார். "டேய், இன்னாடா சொல்ற? நல்லாதான கீது, வாசனையே இல்லியே!"

"அண்ணா, நீ சும்மா இரு" என்றான் எல்லப்பன். அண்ணன் முகத்தை அவன் பார்க்கவில்லை. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் வேலியோரம் குழியில் கொட்டினான். திரும்பி வந்து, பசியோடு நின்ற அத்தனை பேர் முன்னாலும் பலகையில் மீன் குழம்பு என்று எழுதியிருந்ததைத் தன் தோள் துண்டால் அழித்தான். அவர்கள் திட்டினார்கள். வாங்கிக்கொண்டான். அழித்த இடத்தில் ரசம் என்று எழுதினான்.

அடுத்த வெள்ளிக்கிழமையும் மீன் குழம்பு இறங்கியது. எல்லப்பன் மூடியைப் போட்டுவிட்டு, நான் கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றான். நான் கேட்கவில்லை. அனுப்பு என்று மட்டும் சொன்னேன்.